அழுத்தக் காற்றில் சுரங்கப்பாதைப் பணி: ஓஷாவிடம் விதிவிலக்கு பெற முழுமையான வழிகாட்டி

ஆற்றுக்கு அடியிலோ துறைமுகத்துக்கு அடியிலோ சுரங்கப்பாதை தோண்டும்போது இயந்திரத்தின் வெட்டுத் தலையில் உள்ள பற்கள் தேயும். அவற்றைப் பார்க்கவும் மாற்றவும் ஆள் முன்னறைக்குள் போயாக வேண்டும். அந்த நேரத்தில் மண்ணும் தண்ணீரும் உள்ளே சரிந்து வராமல் நிறுத்திவைப்பது அழுத்தக் காற்று. இரண்டு மூன்று பேர் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் மேன் லாக் என்ற இரும்பு அறையில் உட்காரவைத்து, மெதுவாக அழுத்தத்தை இறக்கி வெளியே கொண்டுவருவார்கள்.

அமெரிக்காவில் இந்த வேலையைக் கட்டுப்படுத்துவது தொழில் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகமான ஓஷாவின் 1926.803 என்ற விதி. 1970-களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சுரங்கப்பாதை முழுவதையும் காற்றால் நிரப்பி, பெரிய கூட்டமாக ஆட்கள் முழு ஷிஃப்ட் வேலை செய்த காலத்துக்கு ஏற்ற விதி அது. டிபிஎம் எனப்படும் இன்றைய சுரங்கம் தோண்டும் இயந்திரத்தில் அழுத்தம் இருப்பது வெட்டுத் தலைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் மட்டும். சுரங்கப்பாதையின் மீதி நீளம் முழுக்கச் சாதாரணக் காற்றுதான். அதனால் விதியின் நான்கு இடங்கள் இன்றைய வேலையோடு ஒத்துப்போவதில்லை. அந்த நான்கிலும் வேரியன்ஸ் எனப்படும் விலக்கை எப்படிப் பெறுவது என்பதே இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் ஒப்பந்த நிறுவனங்களில் பாதுகாப்பு அலுவலராகவோ டனல் இன்ஜினியராகவோ இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விலக்கு வாங்கினால் வேலை எளிதாகும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். விதியை அப்படியே பின்பற்றினால் தொழிலாளிக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்குமோ, அதற்குக் குறையாத பாதுகாப்பை உங்கள் மாற்று வழி தருகிறது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். கேள்வி கேட்பது ஓஷா. ஆதாரம் காட்டும் சுமை முழுக்க உங்களுடையது.

உடம்புக்கு என்ன ஆகிறது

விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் இதில்தான் போய் நிற்கும் என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது. அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. அழுத்தத்தை அவசரமாக இறக்கினால் அது குமிழ்களாகப் பிரிகிறது. மூட்டுகளில் தாங்க முடியாத வலி, தோல் அரிப்பு, மோசமான நிலையில் பக்கவாதம், மரணம். இதைத்தான் பெண்ட்ஸ் என்கிறார்கள்.

1870-இல் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் ஈட்ஸ் பாலம் கட்டியபோது, ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய கெய்ஸான் என்ற பெட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைக் கவனித்த டாக்டர் ஜாமினே தாமே இந்நோயில் விழுந்து எழுந்தார். 1872-இல் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் இதனால் முடங்கிப்போனார். மீதி வேலையை அவர் மனைவி எமிலி வழியாகவே நடத்த வேண்டியிருந்தது. ஹட்சன் ஆற்றுச் சுரங்கப்பாதையில் 1890-ஐ ஒட்டி எர்னஸ்ட் மோயர் என்ற பொறியாளர், நோயுற்றவர்களை மறுபடி அழுத்தத்தில் வைத்து மெதுவாக இறக்க ஒரு மருத்துவ அறை அமைத்தார். அதன் பிறகு அங்கே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இன்றும் எந்தத் தளத்திலும் மெடிக்கல் லாக் எனப்படும் அந்த மருத்துவ அறை இருந்தாக வேண்டும் என்பது அந்த அனுபவத்தின் தொடர்ச்சி.

பெண்ட்ஸ் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் வருவது எலும்புச் சிதைவு. தொடை எலும்பின் தலை, தோள் மூட்டு ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் எக்ஸ்ரேயில் தெரியும். வேலை செய்த கம்பெனியும் ப்ராஜெக்ட்டும் முடிந்து போன பிறகு இடுப்பு வலியோடு ஒருவர் நிற்பார். விலக்கு விண்ணப்பம் எழுதுகிறவர் இந்த மனிதரை மறக்கவே கூடாது.

முதல் படி: விலக்கு உண்மையிலேயே தேவையா?

தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே வெட்டு முகம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஏறத்தாழ 35 மீட்டர் நீர் ஆழம் என்பது 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) அழுத்தம். கடலையோ கழிமுகத்தையோ ஒட்டிய இடமென்றால் உயர் ஓத நேரத்து மட்டத்தை எடுங்கள். கணக்கில் எங்கும் கேஜ் அழுத்தமா முழு அழுத்தமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விதி பேசுவது கேஜ் அழுத்தத்தை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் கூடும் அளவை. கேஜில் 50 பிஎஸ்ஐ என்றால் முழு அழுத்தம் 64.7 பிஎஸ்ஐ. இரண்டையும் குழப்பிய ஆவணம் பரிசீலிப்பவரிடம் உங்கள் நம்பகத்தன்மையை முதல் பக்கத்திலேயே இறக்கிவிடும்.

அடுத்து, ஆளை அழுத்தத்துக்குள் அனுப்பாமலே முடிக்க முடியுமா என்று பாருங்கள். பற்களை மாற்ற வேண்டிய இடங்களில் முன்கூட்டியே மண்ணைச் சிமென்ட் கலவையால் இறுக்கிவைக்கலாம். நிலத்தை உறையவைக்கலாம். பெரிய விட்டமுள்ள சில இயந்திரங்களில் வெட்டுத் தலையின் கைகளுக்குள்ளேயே சாதாரணக் காற்றில் நின்று பற்களை மாற்றும் வசதி உண்டு. இவை செலவுதான். ஆனாலும் ஏன் முடியாது என்று எழுத்தில் சொல்லத் தெரியாத நிலையில் விலக்கு கேட்கப் போவது சரியில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எந்த வகை விலக்கு, யாரிடம்?

1970-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் தற்காலிக விலக்கு, நிரந்தர விலக்கு என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. தற்காலிக விலக்கு, புதிதாக வரும் விதிக்கு அதன் அமல் தேதிக்குள் தயாராக முடியாதவர்களுக்கானது. 803 பழைய விதி என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது சட்டத்தின் 6(டி) பிரிவில் வரும் நிரந்தர விலக்கு. பெயரில் நிரந்தரம் இருந்தாலும், நடைமுறையில் குறிப்பிட்ட ப்ராஜெக்ட், குறிப்பிட்ட இயந்திரம், குறிப்பிட்ட அழுத்த வரம்பு என்று கட்டித்தான் தருவார்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் அதுவும் முடியும்.

அதோடு இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். விண்ணப்பம் போட்டாயிற்று என்பதற்காக விதி உங்களை விட்டுவிடாது. முடிவு வரும்வரை பழைய விதிப்படிதான் நடக்க வேண்டும், இடைக்கால உத்தரவு கிடைத்தால் ஒழிய. நடந்து முடிந்ததற்கு விலக்கு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த விலக்கும் தந்த நாளிலிருந்து முன்னோக்கித்தான் செல்லும். அதே விஷயத்தில் உங்கள் மேல் ஏற்கெனவே விதிமீறல் நடவடிக்கை நிலுவையில் இருந்தால், விண்ணப்பத்தை எடுக்காமலே வைக்க ஓஷாவுக்கு அதிகாரம் உண்டு.

யாரிடம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலம், மேரிலாந்து, வர்ஜீனியா போன்றவை சொந்தப் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்கின்றன. அங்கே மாநில அமைப்பின் கதவைத் தட்ட வேண்டும். வாஷிங்டன் டிசி, ஒஹாயோ, டெக்சாஸ் ஆகியவை நேரடியாக மத்திய ஓஷாவின் கீழ். நியூயார்க்கில் மாநிலத் திட்டம் அரசு ஊழியர்களுக்கு மட்டும் என்பதால், தனியார் ஒப்பந்ததாரர் மத்திய ஓஷாவிடம்தான் போக வேண்டும்.

மூன்றாம் படி: நான்கு இடங்களுக்கும் தனித்தனி வாதம்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே செலவிடுங்கள்.

*50 பிஎஸ்ஐ உச்சவரம்பு.* அவசர நிலை தவிர யாரையும் 50 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தத்தில் வைக்கக் கூடாது என்கிறது விதி. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டு விதிகளிலும் கிட்டத்தட்ட இதே அளவு, 3.5 பார், வரம்பாக இருக்கிறது. அதைத் தாண்ட அங்கேயும் தனி அனுமதி வேண்டும். நீங்கள் காட்ட வேண்டியது மூன்று: வெட்டு முகத்தை நிலையாக வைக்க இந்த அழுத்தம் தவிர்க்க முடியாதது, உச்ச அளவு இவ்வளவுதான், அந்த அளவுக்கு நீங்கள் பயன்படுத்தும் இறக்க அட்டவணை, அதாவது அழுத்தத்தை எவ்வளவு நேரத்தில் இறக்குவது என்ற அட்டவணை, பொருந்தும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று உச்ச அளவைத் தாராளமாக ஏற்றிக் கேட்காதீர்கள். கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும்.

*இறக்க அட்டவணைகள்.* விதியின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகள் 1963-இல் வாஷிங்டன் மாநிலத்துக்காகத் தயாரானவை. காற்றை மட்டும் சுவாசித்துக்கொண்டே இறங்குவது அதன் முறை. பிறகு மில்வாக்கியில் டாக்டர் எரிக் கிண்ட்வால் உள்ளிட்டோர் சுரங்கப்பாதைத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, இந்த அட்டவணைப்படி இறக்கப்பட்டவர்களுக்கும் எலும்புச் சிதைவு வந்திருப்பது தெரிந்தது. தேசியத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் புதிய அட்டவணைகளை உருவாக்கச் செய்தது. ஆனால் விதிப் புத்தகத்தில் பழையதே தங்கிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெடுதல் என்று தெரிந்த அட்டவணை சட்டமாகவும், நல்ல அட்டவணை விலக்காகவும் இருக்கிறது.

விலக்கு வாங்கிய நிறுவனங்கள் முன்வைத்தது 1992-ஆம் ஆண்டு பிரெஞ்சு அட்டவணைகள். இதில் அழுத்தம் படிப்படியாக, நிறுத்தி நிறுத்தி இறங்கும். குறிப்பிட்ட நிலைகளில் தொழிலாளி முகமூடி வழியாக ஆக்சிஜன் சுவாசிப்பார். அப்போது நுரையீரலுக்குப் புதிதாக நைட்ரஜன் போகாது, உடம்பில் உள்ளது வேகமாக வெளியேறும். ஆனால் ஆக்சிஜன் இரண்டு புதிய ஆபத்துகளைக் கொண்டுவருகிறது. ஒன்று தீ: முகமூடியிலிருந்து கசிந்தால் அந்தச் சின்ன இரும்பு அறையில் ஒரு பொறி போதும். இன்னொன்று ஆக்சிஜன் நச்சு: அழுத்தத்தில் நெடுநேரம் சுவாசித்தால் வலிப்பு வரலாம். வெளிவிடும் மூச்சை அறைக்கு வெளியே கொண்டுபோகும் குழாய், அறையில் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து காட்டும் மீட்டர், இடையிடையே சாதாரணக் காற்று சுவாசிக்கும் இடைவேளை, வலிப்பு வந்தால் யார் என்ன செய்வது ஆகிய எல்லாமே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். ஆக்சிஜனின் நன்மையை மட்டும் எழுதிய விண்ணப்பம் பாதி விண்ணப்பம்தான்.

*தானியங்கிக் கட்டுப்பாடு.* மேன் லாக்கில் அழுத்தம் இறக்குவதைத் தானியங்கிக் கருவி நடத்த வேண்டும் என்கிறது பழைய விதி. படிப்படியான முறைக்கு, அனுபவமுள்ள ஆபரேட்டர் கையால் நடத்துவதே நம்பகமானது என்பது விலக்கு கேட்பவர்களின் வாதம். ஓஷா இதை ஏற்றிருக்கிறது. அப்படியென்றால் முழுப் பாரமும் அந்த ஆபரேட்டரான லாக் அட்டெண்டன்ட் தோளில் விழுகிறது. அவருடைய பயிற்சி, உள்ளே இருப்பவர்களோடு அறுபடாத பேச்சுத் தொடர்பு, அவர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற கட்டளை, அவருக்கு மாற்று ஆள் இவற்றையெல்லாம் விவரமாக எழுதுங்கள்.

*தனி இறக்க அறை.* மொத்த இறக்க நேரம் 75 நிமிடத்தைத் தாண்டினால், ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் இருக்கக்கூடிய தனி அறை வேண்டும் என்கிறது விதி. நிறைய ஆட்கள் நெரிசலில் முடங்கி உட்கார்ந்தால் இரத்த ஓட்டம் கெடும் என்பதே அதன் நோக்கம். டிபிஎம்-க்குள் அதற்கு இடமே இல்லை. இரண்டு மூன்று பேர் கைகால் நீட்டி வசதியாக இருக்கும் அளவுக்கு மேன் லாக் இருக்கிறது என்று வரைபடத்தோடு காட்டுங்கள். நோக்கம் நிறைவேறுகிறது என்பதைச் சொல்லாமல் இடமில்லை என்று மட்டும் சொன்னால் அது வாதமே ஆகாது.

நான்காம் படி: ஹைபர்பாரிக் (உயர் அழுத்த) செயல்பாட்டுக் கையேடு

விண்ணப்பத்தோடு போகும் மிக முக்கியமான ஆவணம் இது. வேறு ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துப் பெயரை மாற்றி வைத்தால் உடனே தெரிந்துவிடும். உங்கள் இயந்திரம், உங்கள் மண், உங்கள் ஆழம், உங்கள் பக்கத்து மருத்துவமனை அதில் இருக்க வேண்டும். யார் சூப்பர்வைசர், யார் டாக்டர், ஒவ்வொருவரின் அதிகாரம் எதுவரை, உள்ளே போவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை, அழுத்தம் ஏற்றும் வேகம், வேலை நேர வரம்பு, எந்த அட்டவணையின் எந்தப் பக்கம், மின்சாரம் போனால், தண்ணீர் புகுந்தால், உள்ளே ஒருவர் மயங்கினால் என எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். டாக்டர் என்றால் அழுத்த மருத்துவம் தெரிந்தவர். இந்தக் கையேட்டை எழுத இந்தத் துறையில் பழுத்த ஒருவரை ஆரம்பத்திலேயே கூட்டிவாருங்கள். கடைசி வாரத்தில் கூப்பிட்டால் அவரால் கையெழுத்துதான் போட முடியும்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் தொழிலாளர்களுக்கு அறிவிப்பும்

1905 என்ற எண்ணில் வரும் நடைமுறை விதிகள் விண்ணப்பத்தில் இருக்க வேண்டியதைச் சொல்கின்றன. நிறுவனத்தின் பெயர், முகவரி. வேலை நடக்கும் இடம். எந்த விதியிலிருந்து விலக்கு. அதற்குப் பதில் செய்யப்போவது என்ன. அது எப்படிச் சமமான பாதுகாப்பு தருகிறது. இவை எளிது.

பலர் சடங்காக முடித்துவிடும் பகுதி ஒன்று உண்டு. விண்ணப்பத்தின் நகலைத் தொழிலாளர்களின் பிரதிநிதிக்குத் தர வேண்டும். அதன் சுருக்கத்தையும், முழுப் பிரதியை எங்கே பார்க்கலாம் என்பதையும் தளத்தில் ஒட்ட வேண்டும். விசாரணை கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் செய்ததாக நீங்கள் சான்றளிக்கவும் வேண்டும். நோட்டீஸ் ஒட்டினால் சட்டம் நிறைவேறிவிடும். ஆனால் உள்ளே போகிறவர்களை உட்காரவைத்து, பழைய அட்டவணை என்ன, புதியது என்ன, ஆக்சிஜன் முகமூடி எதற்கு என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்குங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பல, பிறகு ஓஷா கேட்கப்போகும் கேள்விகளாகவே இருக்கும்.

ஆறாம் படி: காத்திருக்கும் காலம்

ஓஷா ஆவணங்களைப் பார்க்கும், சந்தேகங்களைக் கேட்கும். சரி என்று பட்டால் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் விண்ணப்பத்தை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும். இடைக்கால உத்தரவு தருவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த அறிவிப்பிலேயே வரும். கருத்துகளைப் பரிசீலித்த பிறகு இறுதி உத்தரவு. மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. இயந்திரம் ஆர்டர் செய்யும் கட்டத்திலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முந்தைய உத்தரவுகளை வரி விடாமல் படிப்பது பெரிய உதவி. நியூயார்க் துறைமுகத்தின் அடியில் போகும் சைஃபன் சுரங்கப்பாதைக்காக டல்லி, ஓஎச்எல் கூட்டு நிறுவனத்துக்கு 2014-இல் தந்த விலக்கு ஒரு முன்மாதிரி. வாஷிங்டன் டிசியில் புளூ பிளெய்ன்ஸ், அனகோஸ்டியா ஆற்றுச் சுரங்கப்பாதைகளுக்கு 2015-இலும், நார்த்ஈஸ்ட் பவுண்டரி சுரங்கப்பாதைக்கு 2020-இலும், கிளீவ்லாந்தின் ஷோர்லைன் சேமிப்புச் சுரங்கப்பாதைக்கு 2022-இலும் தந்தார்கள். எல்லாமே அரசிதழில் பொதுவில் இருக்கின்றன. ஓஷா எந்த வாதத்தை ஏற்றது, என்ன நிபந்தனை சேர்த்தது என்பது அங்கே விளக்கமாக இருக்கிறது. ஆனால் இன்னொருவர் பெற்ற விலக்கு உங்களுக்குச் செல்லாது.

ஏழாம் படி: விலக்கு கையில் வந்த பிறகு

விலக்கு தொட்டது நான்கு இடங்களை மட்டும். 803-இன் மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. அழுத்தம் ஏற்றும்போது முதல் நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. 3 பிஎஸ்ஐயிலும் மறுபடி 7 பிஎஸ்ஐயிலும் நிறுத்தி யாருக்காவது அசௌகரியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நிமிடத்துக்குப் பிறகு நிமிடத்துக்கு 10 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது. வேலை அறையில் வெப்பம் 85 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. கம்ப்ரஸருக்கு இரண்டு தனித்தனி மின்வழி வேண்டும். மெடிக்கல் லாக் 75 பிஎஸ்ஐ தாங்கும்படி, எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும். பத்து நாள் வேலைக்கு வராதவரும், நோயாலோ காயத்தாலோ எத்தனை நாள் வராதவரும், மருத்துவர் மறுபடி பார்த்துச் சொன்னால்தான் உள்ளே போகலாம்.

அடையாளப் பட்டையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளியின் பெயர், மெடிக்கல் லாக் இருக்கும் இடம், டாக்டரின் தொலைபேசி எண், காரணம் தெரியாத மயக்கமோ நோயோ என்றால் இவரை நேரே மெடிக்கல் லாக்குக்குக் கொண்டுபோகவும் என்ற குறிப்பு, இவை அதில் இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பெண்ட்ஸ் தாக்கி ஒருவர் தெருவில் தள்ளாடினால், பார்ப்பவர் குடித்திருக்கிறார் என்றுதான் நினைப்பார். வேலை நேரத்துக்கு வெளியிலும் அதை அணிந்திருக்கச் சொல்லுங்கள், வீட்டாருக்கும் விளக்குங்கள்.

விலக்கோடு வரும் நிபந்தனைகளில் கடுமையானது தகவல் தரும் கடமை. அழுத்தத்தால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் ஓஷாவுக்குச் சில மணி நேரத்துக்குள் செய்தி போக வேண்டும், விபத்துப் படிவம் போக வேண்டும், மூல காரணம் என்ன, திரும்ப நடக்காமல் என்ன செய்தீர்கள் என்பது எழுத்தில் போக வேண்டும். கெடுக்களை உங்கள் உத்தரவிலிருந்தே எடுத்து, லாக் அட்டெண்டன்ட் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். ஒரு தோள் வலியை இரவெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கெடு தவறுவதோடு சிகிச்சைக்கான நல்ல நேரமும் போய்விடும். வலியைச் சொன்னால் அடுத்த முறை உள்ளே அனுப்ப மாட்டார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் இருப்பார்கள். சொன்னதற்காக யாருக்கும் சம்பளம் குறையாது என்று முன்கூட்டியே அறிவித்து, அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

அழுத்தம் உத்தரவில் உள்ள வரம்பைத் தாண்டும்போலத் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மாற்றம் கேட்டு விண்ணப்பியுங்கள். உத்தரவு வந்து ஆறு மாதம் கழிந்தபின் நீங்களோ தொழிலாளர்களோ அதை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கலாம். ஓஷா தானாகவும் செய்யலாம்.

ஆவணங்கள்

ஒவ்வொரு முறை உள்ளே போனதற்கும் யார், எந்த அழுத்தம், எவ்வளவு நேரம், எந்த அட்டவணை, இறங்கிய பின் உடல்நிலை எப்படி என்று பதிவு வேண்டும். மருத்துவப் பதிவுகளை வேலைக்காலம் முழுவதும், அதற்குப் பின் 30 ஆண்டுகளும் வைத்திருக்க ஓஷா விதி சொல்கிறது. கூட்டு நிறுவனங்கள் ப்ராஜெக்ட் முடிந்ததும் கலைந்துவிடும் என்பதால், பெட்டிகள் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், தளத்தை விட்டுப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அவருடைய முழுப் பதிவின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். பல வருடம் கழித்து இடுப்பு வலியோடு அவர் போகும் எலும்பு மருத்துவருக்கு, எந்த அழுத்தத்தில் எத்தனை முறை வேலை செய்தார் என்று காட்ட அதைத் தவிர வேறு எதுவும் இருக்காது.